எண்பத்தைந்துக்குக் கீழே

எண்பத்தைந்து என்ற எண்ணைச் சொன்னது நான்தான். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிய பெண் சொல்லவில்லை. என் லேபில் கையெழுத்துப் போடும் டாக்டர் சொல்லவில்லை. நான் சொன்னேன், அவர்கள் போட்டார்கள். எங்கள் பக்கம் எது நல்லபடியாக நடந்தாலும் அது நான் செய்தது என்று நாலு பேரிடம் சொல்லிவிடுவது என் வழக்கம். அப்படிப்பட்டவன் இதை மட்டும் மெஷின் செய்தது என்று எழுதினால் நியாயமாக இருக்காது.

ஐந்தாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். இன்றைக்குத் தேனியிலிருந்து கம்பம் வரை ஆறு ஊரில் என் ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. கம்பத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவ ஆரம்பித்தவன். அப்புறம் ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கம்பத்திலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் போவேன், சாயங்காலம் ரிப்போர்ட்டோடு திரும்புவேன். மடியை விட்டுப் பெட்டியைக் கீழே வைத்தது கிடையாது. ஒரு குழாய்கூட என் கையில் உடைந்ததில்லை. பஸ்ஸில் எனக்கென்று ஜன்னலோரத்தில் இடம் போட்டு வைக்கிற கண்டக்டர்கள் இருந்தார்கள். சொந்தமாகக் கடை திறந்தபோது டாக்டரும் லேப் படிப்பு படித்தவர்களும் என்னிடம் வேலைக்கு வந்தார்கள். படிக்காதவனிடம் படித்தவர்கள் வேலை பார்த்த கதையை நான் சொல்லாத கல்யாண மண்டபம் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் செய்யும் வேலையை என் மண்டையே செய்தது. ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும். ஆறு மாதம் கழித்து அதே அம்மா வந்து நின்றால், போன தடவை உங்களுக்குச் சர்க்கரை இவ்வளவு இருந்தது, மாத்திரையைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். நோட்டைப் புரட்ட மாட்டேன். பேர் கேட்க மாட்டேன். பேர் கேட்டு என்ன பிரயோஜனம்? எங்கள் பக்கம் வீரபாண்டிக் கோயில் ஆத்தா பேரை வைக்காத வீடு அபூர்வம். தெருவில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு வாசலில் இருந்து பதில் வரும்.

கடை ஒன்று ஆறாகியபோது என் மண்டை பத்தவில்லை. உத்தமபாளையத்தில் காலேஜ் படித்துவிட்டு அங்கேயே கடைகளுக்கும் மருந்தகங்களுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவள்தான் ஆறு கடையையும் ஒரே கம்ப்யூட்டரில் கோத்துக் கொடுத்தாள். ஒருவர் எந்தக் கடைக்கு வந்தாலும் அவருடைய பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, புது ரிப்போர்ட்டில் ‘முந்தைய அளவு’ என்று பக்கத்திலேயே அச்சடிக்கும். டாக்டர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கைகொடுத்துப் பாராட்டினார்கள். நானும் கையை நீட்டினேன்.

ஒரு நாள் தேனிக் கடையின் ஹாலில் ஆட்கள் நிறைய உட்கார்ந்திருந்தபோது சின்னமனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் மனைவியின் தாளில் வேறு ஒரு பெண்ணின் பழைய சர்க்கரை அளவு அச்சாகிவிட்டது. ஒரே பேர், ஒரே ஊர், ஒரு வயதுதான் வித்தியாசம். அதைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். அந்த அம்மா தோட்டத்தில் மயங்கி விழுந்து, பிறகு தெளிந்திருக்கிறார்.

“எம் பொண்டாட்டி தாளுல எவ ரத்தத்தய்யா ஏத்தி வச்சிருக்க?” என்றார்.

“உள்ள ரூமுக்கு வாங்க, எடம் பாத்துப் பேசுவோம்” என்றேன்.

“எடம் பாத்துத்தான் வந்துருக்கேன். ஆறு ஊர்ல போர்டு வச்சிருக்கியே, இன்னும் அஞ்சு எடம் பாக்கி இருக்கு. அங்கனயும் போய்ப் பேசட்டுமா?”

ஹாலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவிடவில்லை. அவர் மனைவி விழுந்ததைவிட அவர்கள் சிரித்ததுதான் எனக்கு அப்போது பெரிதாகப் பட்டது. இன்றைக்கு எழுதும்போதுதான் அது தெரிகிறது.

புரோகிராம் எழுதிய பெண்ணை வரச் சொன்னேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் எனக்கு விளக்கினாள்.

“ஐயா, ஒருத்தவுக வந்தா அவுக பேருக்கு இவ்வளவு மார்க், வயசுக்கு இவ்வளவு, ஊருக்கு, போன் நம்பருக்கு, வீட்டுக்காரர் பேருக்குன்னு மெஷின் மார்க் போடும். மொத்தம் நூறு. பழைய ஆள் யார்கூடயாவது அறுபதுக்கு மேல ஒத்துப்போனா ஒரே ஆளுன்னு பழைய பைலை எடுத்துரும். அறுபதுக்குக் கீழன்னா புது ஆளுன்னு புது பைல் போடும்.”

“அறுபதுன்னு யாரு வச்சது?”

“நான்தான் ஆரம்பத்துல சும்மா வச்சேன். உங்ககிட்ட கேட்டு மாத்தலாம்னு நாலு தடவை போன் பண்ணேன். நீங்க எடுக்கல.”

“சும்மா வைக்கிறதுக்கு இதென்ன கோயில் வாசல்ல செருப்பா? நூறு வையி.”

“நூறு வச்சா போன் நம்பரை மாத்துனாலே புது ஆளாயிருவாக ஐயா. நீங்களே புது நம்பர் வாங்கிட்டு வந்தா உங்களையே யாருன்னு கேக்கும்.”

“என்னைய எப்படிக் கேக்கும்? கம்பம் ரோட்டுல போற பஸ்ஸுக்கெல்லாம் என்னையத் தெரியும்.”

“பஸ்ஸுக்குத் தெரியும் ஐயா. மெஷின் பஸ்ல வந்ததில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஒரு எண்ணை வைத்து ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள். கொஞ்சம் தாள்களைக் கையால் சரிபார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றாள். நான் எண்பத்தைந்து என்றேன்.

அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேரை ஒருத்தராச் சேக்குறதும் தப்பு, ஒருத்தரை ரெண்டு பேராப் பிரிக்கிறதும் தப்பு ஐயா. மொதத் தப்பு நடந்தா வந்து சண்டை போடுவாக. ரெண்டாவது தப்பு நடந்தா யாரும் வர மாட்டாக. அவுகளுக்கே தெரியாது. எண்ணை மேல ஏத்த ஏத்த அது கூடும்.”

“வந்து கேக்காத தப்புக்கு நான் எதுக்குப் பயப்படணும்?” என்று கேட்டேன். அவள் எண்பத்தைந்தைப் போட்டாள். போட்டுவிட்டு ஒன்று மட்டும் செய்தாள். திரையின் மேல் ஓரத்தில் சின்னக் கட்டம் ஒன்றை வைத்து, வேண்டுமானால் அந்த எண்ணைக் குறைத்துத் தேடிப் பார்க்கலாம் என்று என் ஆட்களுக்குக் காட்டிக் கொடுத்தாள். கட்டத்தில் எண்பத்தைந்து தானாக நிற்கும். யாராவது கைவைத்து மாற்றினால்தான் மாறும். அதற்கு டீஃபால்ட் என்று பேராம். யாரும் கைவைக்கவில்லை. முதலாளி வைத்த எண்ணில் எவன் கைவைப்பான்?

அதன் பிறகு என் லேபில் ஒரு ரிப்போர்ட் மாறியதில்லை. ஹாலில் யாரும் சத்தம் போடவில்லை. சில வருடங்கள் இதையும் மண்டபங்களில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு ஒரே அக்கா, அவளுக்கும் ஆத்தா பேர்தான். எங்களுக்குப் பிறந்த ஊர் சின்னமனூருக்குப் பக்கம். அவளை உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்துக்கும் காய் வெட்டுக்கும் போவாள். நான் ஐஸ் பெட்டியோடு போய்க்கொண்டிருந்த காலத்தில் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஐந்து நிமிடம் நிற்கும். வாரத்தில் இரண்டு நாளாவது அங்கே வந்து ஜன்னல் வழியாகத் தூக்குச்சட்டியை நீட்டுவாள். முந்தின சட்டியை நான் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் பஸ் கிளம்பும் வரை திட்டுவாள். மடியில் பெட்டி இருப்பதால் நான் எழுந்திருக்க முடியாது, வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

பிறகு நான் கார் வாங்கினேன். கார் பஸ் ஸ்டாண்டுக்குள் போவதில்லை. அத்தானும் காலமாகிவிட்டார். அவளுடைய மகன் சரக்கு வண்டி ஓட்டினான். காதுகுத்து, கல்யாணம் என்று வருடத்தில் மூன்று நான்கு முறை பார்ப்போம். “எப்படிக்கா இருக்க?” என்பேன். “எனக்கென்ன, நல்லாத்தேன் இருக்கேன்” என்பாள். அதற்குள் யாராவது என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆறு கடைக்காரனை யார்தான் சும்மா விடுவார்கள்?

ஒரு பகலில் மகன் போன் செய்தான்.

“மாமா, அம்மா தோட்டத்துல உக்காந்துருச்சு. எந்திரிக்க மாட்டேங்குது. மூச்சு வாங்குது.”

நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். திராட்சைப் பந்தலுக்கு வெளியே வரப்பில் உட்கார்ந்திருந்தாள். உதடு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. இத்தனை வருடம் ரத்தம் பார்க்கிற தொழில் செய்தவனுக்கு அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ரிப்போர்ட் தேவையில்லை. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பெரிய டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, “இதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா? பழைய ரிப்போர்ட் இருந்தா நல்லது” என்றார்.

“அஞ்சாறு வாட்டி பாத்திருக்கேனே” என்றாள் அக்கா. “எல்லாம் இவன் கடையிலதேன்.”

எனக்கு அது புதுச் செய்தி. ஆனால் டாக்டர் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை. “என் லேப்தான் டாக்டர். ஆறு கிளை. எல்லாம் ஒரே கம்ப்யூட்டர். ஒரு நிமிசம் இருங்க” என்று சொல்லி, அங்கேயே நின்று உத்தமபாளையம் கடைக்குப் போன் போட்டேன். டாக்டருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ஆதார் அட்டையைப் பார்த்து மகன் சொன்ன விவரங்களையும் அவனுடைய போன் நம்பரையும் சொன்னேன்.

“ஐயா, அப்படி யாரும் இல்லயே. புது ஆளுன்னு வருது” என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

“நல்லாப் பாரு. எங்க அக்கா.”

“பாத்துட்டேன் ஐயா. புது ஆளுன்னுதான் வருது.”

டாக்டர் “பார்த்துட்டு அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவருடைய தாளை எடுத்தார். நான் போனை அணைக்காமல் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுலே. அது என்ன செய்யும்? பேப்பரு வீட்டுல கெடக்கும்.”

“கெடக்காதும்மா” என்றான் மகன். “கூரை ஒழுகி நனைஞ்சு போச்சுன்னு அவதான் தூக்கிப் போட்டா.” அவன் மனைவியைச் சொன்னான்.

மறுநாள் காலையில் தேனிக் கடைக்கு அந்தப் புரோகிராம் பெண் வந்தாள். என் நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். அக்காவின் விவரத்தை அடித்தாள். எண்பத்தைந்தில் யாரும் இல்லை. கட்டத்தில் எண்பது போட்டாள், யாரும் இல்லை. எழுபத்தைந்தில் ஒரு ஆள் வந்தது. எழுபதில் மூன்று. அறுபதில் திரை நிறைந்துவிட்டது. எல்லாம் வீரபாண்டி ஆத்தா பேர் வைத்த பெண்கள். அறுபது வயதை ஒட்டியவர்கள். எல்லாம் எங்கள் ரோட்டோரத்து ஊர்கள்.

“இதுல உங்க அக்கா யாருன்னு மெஷினுக்குத் தெரியாது ஐயா” என்றாள். “நீங்கதான் சொல்லணும்.”

ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். ஒன்றில் புகுந்த ஊரும் மகனுடைய பழைய போன் நம்பரும் இருந்தது. அது அவள்தான். இன்னொன்றில் அதே ஊர், ரேஷன் கார்டு வயது, பக்கத்து வீட்டு அம்மாவின் நம்பர். கூட வந்தவர் யாரோ அவருடைய நம்பரைக் கொடுப்பதுதானே எங்கள் பக்கத்து வழக்கம். மூன்றாவதில் திராட்சைத் தோட்டத்துக்காரர் நம்பர், வயது கேட்டதற்கு அறுபது இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள், அறுபது என்றே ஏறியிருக்கிறது. நான்காவது கம்பம் கடையில், மருமகளுடைய ஊருக்குப் போயிருந்தபோது, மருமகளின் அப்பா வீட்டு நம்பரில். ஐந்தாவது சின்னமனூரில். அங்கே ஊர் எது என்று கேட்டதற்குப் பிறந்த ஊரைச் சொல்லியிருக்கிறாள். யார் பேர் போட என்று கேட்டதற்கு அத்தான் பேரைச் சொல்லாமல் எங்கள் அப்பா பேரைச் சொல்லியிருக்கிறாள். பிறந்த ஊர்ப் பக்கம் போனால் எங்கள் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே அவர்கள் இன்னாருடைய மகள்தான்.

அப்பாவின் பேரைத் திரையில் பார்த்ததும் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

ஐந்து பைல். ஐந்திலும் ‘முந்தைய அளவு’ என்ற இடத்தில் சின்னக் கோடு. ஒவ்வொரு தாளிலும் ரத்த அளவு கொஞ்சம் குறைவு என்று இருந்தது. ரத்தம் கம்மி என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டாக்டர்களும் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு தாளாகப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். நான் ஒரு பாரத்தின் பின்பக்கத்தில் ஐந்தையும் தேதிப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக என் கையால் எழுதினேன். பதினொன்றே கால், பத்தரை, ஒன்பதே முக்கால், ஒன்பது, எட்டு. இரண்டு வருடத்துக்குள் படிப்படியாக இறங்கியிருந்தது. ஒரு தடவைகூட ஏறவில்லை.

அந்தப் பெண் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“ஐயா, டீ சொல்லட்டுமா?”

“வேண்டாந்தாயி” என்றேன்.

அந்தத் தாளை மதுரை டாக்டருக்கு அனுப்பினேன். அதற்குள் அவர்கள் குழாய் விட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து முடித்திருந்தார்கள். குடலில் கட்டி. அதிலிருந்துதான் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஈரலுக்கும் பரவிவிட்டது. அறுத்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார். நான் கேட்டுவிட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். இந்த ஐந்தும் ஒரே தாளில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

“இந்த வயசுல ரத்தம் இப்படி இறங்கிக்கிட்டே வந்தா எங்கயோ போகுதுன்னு தேடுவோம். மூணாவது தடவையிலயே தேடியிருப்போம். அப்ப பிடிச்சிருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. வாய்ப்பு இருந்தது” என்றார். என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவருக்கு எண்பத்தைந்து பற்றித் தெரியாது.

அக்காவை ஊருக்குக் கூட்டி வந்தோம். நான் தினமும் போனேன். பத்து மணிக்குக் கார் அவள் வாசலில் நிற்கும். என் கடைகளை யார் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, அவை பாட்டுக்கு ஓடின. நான் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலைந்து நாள் சொல்லாமல் இருந்தேன். பிறகு சொன்னேன். மெஷின் எப்படி மார்க் போடும், நான் என்ன எண் வைத்தேன், ஐந்து பைல் எப்படி ஆனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள் அவளுக்கு இளநீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

“அஞ்சு பேராவா இருந்தேன்?”

“ஆமாக்கா.”

“ஒருத்தியா இருந்தே இம்புட்டு வேல. அஞ்சு பேருன்னு தெரிஞ்சிருந்தா ஆளுக்கொரு தோட்டத்துக்கு அனுப்பியிருப்பேன்.”

சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. நான் சிரிக்கவில்லை. நான் கேட்டேன், ஏன் என் அக்கா என்று கவுண்டரில் சொல்லவில்லை என்று. சொல்லியிருந்தால் யாராவது எனக்குப் போன் போட்டிருப்பார்கள்.

“மொத வாட்டி சொன்னேன்லே. கவுண்டர்ல இல்ல, பக்கத்துல உக்காந்திருந்தவகிட்ட. இது எந் தம்பி கடைன்னேன். அவ என் சேலையப் பாத்தா, போர்டப் பாத்தா. அப்படியா ஆத்தான்னுட்டு அங்கிட்டு திரும்பிக்கிட்டா. நம்பல. அதுக்கப்பறம் சொல்றதில்ல.”

நான் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

“வரிசையில நின்னா என்ன, எல்லாரும்தான நிக்காக” என்றாள். “நீ ரத்தம் கொண்டுபோன காலத்துல ஒன் பெட்டியில எத்தன பேரு ரத்தம் இருந்துச்சு, யாரு யாருதுன்னு மனப்பாடமாச் சொல்லுவியே. இப்ப மெஷினு சொல்லுதாக்கும்.” தலையணையைச் சரிசெய்துகொண்டு மேலும் சொன்னாள். “அதுக்கு என்னைய அடையாளம் தெரியலன்னா அது மேல என்ன கோவம்? அது என்ன எங்கூடப் பொறந்ததா?”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போனபோது வழக்கம்போலத்தான் பேசினாள். அதைப் பற்றி அவள் பிறகு எடுக்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

கார்த்திகையில் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தப் புரோகிராம் பெண்ணைக் கூப்பிட்டேன். “ஐம்பது வையி” என்றேன்.

“மாட்டேன் ஐயா” என்றாள்.

என்னிடம் வேலை செய்கிற யாரும் அதுவரை மாட்டேன் என்று சொன்னதில்லை.

“எங் கடை. நான் சொல்றேன்.”

“அன்னைக்குக் கோவத்துல எண்பத்தஞ்சு வச்சீக. இன்னைக்கு வருத்தத்துல அம்பது வைக்கிறீக. அம்பது வச்சா நாளைக்கே வேற ஒருத்தவுக தாளுல வேற ஒருத்தவுக ரத்தம் வரும். அவுகளும் யாருக்காவது அக்காதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அன்னைக்கே நான் சண்டை போட்டிருக்கணும். நீங்க முதலாளி, நமக்கென்னன்னு போட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டேன். இந்தத் தடவை எண்ணை நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். பாத்துட்டு வைப்போம்.”

எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். ஆறு கடையிலும் ஐம்பதுக்கு மேல், தொண்ணூறுக்குக் கீழ் ஒத்துப்போகிற ஆட்களை ஜோடி ஜோடியாக எடுத்து அச்சடித்துக் கொண்டுவந்தாள். கட்டுக் கட்டாகத் தாள். இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர். கீழே மூன்று கட்டம்: ஒரே ஆள், வேறு ஆள், தெரியவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் பார்த்து டிக் போட வேண்டும். எந்த மார்க்குக்கு மேல் பெரும்பாலும் ஒரே ஆளாக இருக்கிறார்கள், எங்கே சந்தேகம் ஆரம்பிக்கிறது என்று அதிலிருந்து தெரியும். சந்தேகமான இடத்தில் மெஷின் தானாக முடிவெடுக்காது. கவுண்டரில் இருப்பவர் ஆளை நிமிர்ந்து பார்த்து, இது நீங்கள்தானா என்று கேட்க வேண்டும். இன்றைக்கு என் கடைகளில் அப்படித்தான் நடக்கிறது. வரிசை மெதுவாகத்தான் நகர்கிறது. முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

டிக் போட வேறு ஆள் போடலாம் என்றாள். நான்தான் போடுவேன் என்றேன். இந்தப் பள்ளத்தாக்கில் என்னைவிட அதிகம் முகம் தெரிந்தவன் யார்?

முதல் நாளே அந்தப் பெருமை போய்விட்டது. பேரும் ஊரும் நம்பரும் மட்டும் இருந்தது, முகம் இல்லை. தெரியவில்லை என்ற கட்டத்தில் முதல் டிக் போடக் கால் மணி நேரம் ஆனது. அதற்கு முன் தெரியவில்லை என்று எதிலும் நான் எழுதிக் கொடுத்ததில்லை. பிறகு அப்படி டிக் போட்ட ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து கேட்டேன். பலர் பிரிந்து கிடந்தார்கள். சர்க்கரை இரண்டு பைலில், உப்பு மூன்று பைலில் என்று கிடந்தது. அளவு ஏறிக்கொண்டே போன சிலரை உடனே வரச் சொன்னேன், வந்தார்கள். கம்பத்தில் ஒரு வீட்டில் எடுத்தவர், “எங்கம்மாவையா கேக்குறீக? அவுக ஆவணியிலேயே தவறிட்டாகளே” என்றார். எதனால் என்று கேட்க வேண்டியதுதான் என் வேலை. கேட்காமல் போனை வைத்துவிட்டேன். அந்த இரண்டு பைலையும் பிறகு பார்த்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தாளைப் புரட்டியபோது இடது பக்கமும் அக்கா, வலது பக்கமும் அக்கா. எழுபத்தெட்டு மார்க். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“அதை எடுத்துருறேன் ஐயா. நமக்குத்தான் தெரியுமே.”

“எத்தன இருக்கு?”

“அஞ்சு பைல்னா பத்து ஜோடி வரும்.”

“இருக்கட்டும். மத்தவுக மாதிரி அதுவும் சேரட்டும்” என்றேன்.

பத்தும் சேர்ந்தாற்போல் வரவில்லை. மற்றவர்களுக்கு நடுநடுவே வந்தது. மகன் நம்பரோடு ஒருத்தி, பக்கத்து வீட்டு நம்பரோடு ஒருத்தி. ஒரே ஆள். தோட்டத்துக்காரர் நம்பரோடு ஒருத்தி, கம்பத்தில் சம்பந்தி வீட்டு நம்பரோடு ஒருத்தி. ஒரே ஆள். எழுபத்து நான்கு, அறுபத்தாறு என்று மார்க் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

பத்தாவது கடைசி நாளில் வந்தது. இடது பக்கம் இன்னாரின் மனைவி, இன்ன ஊர். வலது பக்கம் இன்னாரின் மகள், வேறு ஊர். வயதும் சேரவில்லை, நம்பரும் சேரவில்லை. ஐம்பத்திரண்டு மார்க். அந்தப் பெண் என் டிக்குகளை வைத்துப் போட்ட வரைபடத்தைக் காட்டிச் சொன்னாள், இந்த இரண்டையும் சேர்க்கிற அளவுக்கு எண்ணை இறக்கினால் பாதி ஊர் ஒருத்தியாகிவிடும், நியாயமான எந்த எண் வைத்தாலும் இந்த ஜோடியை மெஷின் சேர்த்திருக்காது என்று. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

மெஷின் சேர்த்திருக்காதுதான். அந்த வலது பக்கத்து ஊரில் அந்த அப்பாவுக்குப் பிறந்தது இரண்டே பேர். இந்தத் தாளைப் பார்த்து இது யார் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தான். அவன் அந்த இரண்டு வருடமும் தேனியில் ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தான்.

ஒரே ஆள் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மை சரியாக விழவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டேன். அதற்கு அடுத்த தாளில் கூடலூர்க்காரர் இருவர் இருந்தார்கள்.